மூன்றாவது கட்டி

டாக்கர், 16 பிப்ரவரி 1986

அன்புள்ள அப்பாவுக்கு,

சிகா எழுதுவது. நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவீர்கள். அதனால் வேறு மாதிரி கேட்கிறேன். எந்தக் கால்?

உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்த டாக்சிக்காரர் போகிற போக்கில் சொன்னார். "உபதேசியார் ஒத்தச் செருப்போட வந்தாரும்மா. இன்னொரு கால்ல துணி சுத்தியிருந்துச்சு."

கடிதத்தை மறுபடி படித்தேன். கோயில் மணிக்குப் புதுக் கயிறு போட்டது இருக்கிறது. ஹமாத் மாமா தன் கடைக்கு நீல வண்ணம் அடித்து ஊர் கண்ணைக் கூசவைப்பது இருக்கிறது. கால் இல்லை.

போன மழைக்காலத்தில் அக்கரை ஜோவால் மருந்தகத்தில் உங்களுக்குச் சர்க்கரை வியாதி என்று சொன்னார்கள். அன்று பாலத்தின் நடுவில் நின்று எனக்கு ஒரு வாக்குக் கொடுத்தீர்கள். இனி வெறுங்காலோடு நடப்பதில்லை என்று. நம் தீவில் மண்ணே கிடையாது, அப்பா. தெருவும் முற்றமும் அம்மாவின் கல்லறையும் சிப்பிதான்.

இந்த மாதம் செவிலிப் பயிற்சிக்கு எங்களை மருத்துவமனையின் ஆண்கள் பகுதியில் போட்டிருக்கிறார்கள். காலையில் கட்டு மாற்றுவது என் வேலை. முகத்தைப் பார்க்காதே, புண்ணைப் பார் என்கிறார் தலைமைச் செவிலி. நான் முகத்தைப் பார்த்துவிடுகிறேன். எல்லா முகமும் உங்கள் வயது.

உடனே எழுதுங்கள்.

உங்கள் மகள்
சிகா


ஃபாதியூத், 24 பிப்ரவரி

என் கண்ணான சிகாவுக்கு,

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். வலது கால். போதுமா?

சிப்பி கீறியது. சின்னக் கீறல். சுண்டுவிரலின் ஓரம். கடல் தண்ணீரில் கழுவித் துணி சுற்றிவிட்டேன். வலி கொஞ்சமும் இல்லை, ஆகவே நீ டாக்கரில் உட்கார்ந்து அழ வேண்டாம். அந்த டாக்சிக்காரன் வாயில் துணி சுற்றியிருக்க வேண்டும்.

தவக்காலத்துக்குச் சர்க்கரையை விட்டிருக்கிறேன். இதை எழுதும்போது ஹமாத் சால் பக்கத்தில் உட்கார்ந்து என் புகையிலையைத் தீர்த்துக்கொண்டிருக்கிறான். அவன் சொன்னதையும் எழுதச் சொல்கிறான், எழுதுகிறேன். "பொண்ணுகிட்ட உண்மையச் சொல்லுடா. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை என் கடைக்கு வந்து மிட்டாய் ஜாடியில கைய விடுறான்மா ஒங்கப்பன்."

மகளே, ஞாயிறு தவக்காலத்தில் சேராது. அது திருச்சபையின் கணக்கு, என் கணக்கு அல்ல. துக்குலேர் சனத்து முஸ்லிமுக்கு இது எப்படிப் புரியும்? விளக்கினேன். "ஒன் வியாதிக்கு அந்தக் கணக்குத் தெரியுமாடா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனான். புகையிலைப் பையோடு.

இனி நல்ல செய்தி. அம்மா போய் ஓராண்டு துக்கம் முடிந்தது. போன வருஷம் பெரிய வெள்ளிக்கு நம் வீட்டிலிருந்து ஙலாக் கூழ்க் கிண்ணங்கள் போகவில்லை. இந்த வருஷம் போகும். ஙலாக் நானே செய்யப் போகிறேன். சிரிக்காதே. கம்பு இடிக்க ஆள் சொல்லிவிட்டேன். கடலையை நானே வறுத்து அரைப்பேன். ஆனைப்புளிப் பழம் ஒரு மூட்டை கூரைக்கடியில் தொங்குகிறது. தெருவில் உள்ள ஒவ்வொரு முஸ்லிம் வீட்டுக்கும், உன் அம்மா திபோர் அனுப்பியது போலவே. அவள் இல்லை என்று அவர்கள் வீட்டில் யாரும் சொல்லக் கூடாது.

வருஷத்தில் ஒரு நாள். அதற்குப் பிறகு மருந்தகத்துக்குப் போகிறேன்.

ஆசிகளுடன்
அப்பா


டாக்கர், 3 மார்ச்

அப்பா,

வலி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். வலி இல்லை என்பதுதான் பயம். உயிரோடு இருக்கும் விரல் வலிக்கும்.

தயவுசெய்து பதில் சொல்லுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். புண்ணின் ஓரம் என்ன நிறம்? கால் சுடுகிறதா, குளிர்ந்திருக்கிறதா? அவிழ்த்துப் போட்ட துணிக்கு எறும்பு வருகிறதா?

ஙலாக் பற்றி எழுதினீர்கள். அன்று இரவு முழுக்க வாயில் அந்தப் புளிப்பு.

கடலையும் ஆனைப்புளியும் சேர்த்து அம்மா கடையும்போது நானும் தம்பி லாதிரும் பானைக்கு இரண்டு பக்கம். கரண்டியை யார் நக்குவது என்று சண்டை. பிறகு கிண்ணங்கள். ஹமாத் மாமா வீட்டுக் கிண்ணத்துக்கு மட்டும் சண்டை கிடையாது, இருவரும் போவோம். அவர் ஒரு விரல் எடுத்து நாக்கில் வைத்து முகத்தைச் சுளிப்பார். "உப்பு. செரேர்களுக்குச் சமைக்கவே வராது" என்று நம் சனத்தையே இழுப்பார். பிறகு கிண்ணத்தைக் கழுவி, கடை உள்ளே போய், மூன்று சர்க்கரைக் கட்டி போட்டுத் தருவார்.

எனக்கு ஒன்று. லாதிருக்கு ஒன்று. வலைக் கொட்டகைக்குப் பின்னால் நிற்கும் உங்களுக்கு ஒன்று.

பெரிய வெள்ளி அன்று உபவாசத்தில் இருக்கும் உபதேசியார், கன்னத்தில் சர்க்கரைக் கட்டியோடு, எங்களைப் பார்த்து விரலை உதட்டில் வைப்பார். கிண்ணம் வீட்டுக்குக் காலியாகப் போகும். அம்மா தெருவுக்கே கேட்கச் சொல்வாள். "துக்குலேர்காரன் கையப் பாரு. வெறுங்கிண்ணத்தக் கழுவி அனுப்புறான், அதுவே பெரிசுன்னு நெனப்பு." ஹமாத் மாமா கடை வாசலில் தலையைக் குனிந்துகொள்வார். ஒரு வருஷமும் எங்களைக் காட்டிக்கொடுத்ததில்லை.

வீட்டில் யாருக்கும் தெரியாத இனிப்பு அது. இப்போது நினைத்தால் இனிக்கவில்லை. கொட்டகைக்குப் பின்னால் போய் உங்கள் வாயைத் திறந்து அதை எடுத்துவிட வேண்டும் போலிருக்கிறது.

நிறத்தை எழுதுங்கள்.

சிகா


ஃபாதியூத், 13 மார்ச்

சிகா,

நீ செவிலியாவதற்குள் போலீசாகிவிடுவாய். நிறம் கால் நிறம். எறும்பு எல்லார் வீட்டிலும் வரும்.

ஒரு அக்கிரமம் நடந்தது. கேள். ஙலாக்குக்குச் சர்க்கரை வாங்க ஹமாத் கடைக்குப் போனேன். பின்னால் மூட்டை மூட்டையாய் அடுக்கி வைத்துக்கொண்டு இல்லை என்கிறான்.

"அது என்னடா?" என்றேன்.

"அது சிமெண்டு."

"சிமெண்டுல சர்க்கரைன்னு எழுதியிருக்கு."

"செரேருக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது யாரு? அதான் நாடு கெட்டுப்போச்சு."

கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? எனக்கும் அவனுக்கும் உள்ளது கேலி உறவு. அவன் சனமும் நம் சனமும் பாட்டன் காலத்திலிருந்து ஒருவரை ஒருவர் அடிமை என்று திட்டிக்கொள்கிறவர்கள். அதில் கோபப்பட்டவன் தோற்றவன். முப்பது வருஷமாக நான் தோற்றதில்லை.

அதனால் சிரித்துக்கொண்டே வெளியே வந்து, பாலத்தைத் தாண்டி, ஜோவால் சந்தைக்கு நடந்தேன். மூட்டையைத் தோளில் போட்டு நடந்தே திரும்பினேன். அவன் கடை வாசல் வழியாகத்தான். மூட்டையைத் தட்டிக் காட்டினேன். அவன் சிரிக்கவில்லை. தோற்றுவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

அவ்வளவு தூரம் நடந்த காலுக்கு என்ன குறை இருக்க முடியும், சொல்.

செருப்பு மட்டும் சேரவில்லை. கால் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது. உட்கார்ந்து பார்க்க நேரமில்லை. சிலுவைப்பாதை, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, கடலை. பெரிய வெள்ளி முடியட்டும்.

அம்மா எவ்வளவு ஜாதிக்காய் போடுவாள்? உனக்கு நினைவிருக்கிறதா? நான் பார்த்ததே இல்லை. சாப்பிட்டது மட்டும்தான்.

அப்பா


டாக்கர், 18 மார்ச்

அப்பா,

உங்கள் கடிதம் இன்று கிடைத்தது. உட்கார்ந்து எழுத முடியவில்லை, நின்றுகொண்டு எழுதுகிறேன்.

சேராத செருப்பு. பாலம் முழுக்க நடை. இரண்டு முறை.

வார்டில் நான்காவது கட்டிலில் ஒருவர் இருந்தார். ருஃபிஸ்க்கில் தச்சர். அவரும் விழா முடியட்டும் என்றார், தங்கை கல்யாணம். மேற்கொண்டு எழுத மாட்டேன். அந்தக் கட்டிலில் இப்போது வேறொருவர்.

பெரிய வெள்ளி வரை பொறுக்காது. நாளைக்கே போங்கள். ஜோவால் வேண்டாம், ம்பூர் மருத்துவமனைக்கு. நடக்கக் கூடாது. வண்டி.

என்னால் வர முடியவில்லை. அடுத்த சனி மதியம் வரை செய்முறைத் தேர்வு. தவறினால் ஆண்டு முழுவதும் போகும். நீங்கள் சொன்னால் அதையும் விட்டுவிட்டு வருகிறேன். ஒரு வார்த்தை. டாக்சிக்காரரிடம் சொல்லி அனுப்பினாலும் போதும்.

ஜாதிக்காய் அரைக்காய். அம்மா மீதிப் பாதியை முந்தானையில் முடிந்துகொள்வாள்.

சிகா


டாக்கர், 24 மார்ச்

அப்பா,

பதில் இல்லை.

டாக்சி நிறுத்தத்துக்குக் காலையும் மாலையும் போகிறேன். ஜோவால் வண்டிகள் வருகின்றன. மீன் இறங்குகிறது. ஆட்கள் இறங்குகிறார்கள். உங்கள் கையெழுத்து இல்லை.

இன்று கட்டு மாற்றும்போது கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டேன். தலைமைச் செவிலி என்னைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டார். யார் என்று கேட்டார். என் அப்பா என்றேன். எந்தக் கட்டில் என்றார்.

கோபமாக இருந்தாலும் எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

ஞாயிறு முதல் வண்டியில் வருகிறேன்.

சிகா


ம்பூர், 29 மார்ச், சனிக்கிழமை

என் சிகா,

நீ ஃபாதியூத்துக்குப் போகாதே. நேராக ம்பூரில் இறங்கு. மருத்துவமனையில் வாசலுக்கு இடப்பக்கம் உள்ள நீளக் கட்டடம். இதைக் கொண்டுவரும் டாக்சிக்காரனை நான் மன்னித்துவிட்டேன்.

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. படித்தேன். பதில் எழுதவில்லை. எழுதினால் நிறத்தை எழுத வேண்டும்.

கறுப்பு.

புதன்கிழமை முற்றத்தில் கடலை வறுத்துக்கொண்டிருந்தேன். ஹமாத் வந்தான். "ஏய் அடிமை, எழுந்திரு. எசமான் வந்திருக்கேன்" என்றான். "போடா மாடு மேய்க்கிறவனே, வேலை கிடக்கு" என்றேன். வழக்கமான பேச்சு. பிறகு அவன் மூக்கு அசைந்தது. கடலை வாசனையைத் தாண்டி வேறொன்று இருந்திருக்கிறது. எனக்குப் பழகிவிட்டது போல. அவன் குனிந்து, கேட்காமல், துணியை அவிழ்த்தான்.

வெளியே போனான். கழுதை வண்டியோடு வந்தான்.

வரமாட்டேன் என்றேன். வெள்ளி முடியட்டும் என்றேன். அவன் தெருவைப் பார்த்துக் குரலெடுத்தான். "எல்லாரும் வாங்க. ஓடிப்போன என் செரேர் அடிமை கெடச்சுட்டான். சந்தைக்குக் கொண்டுபோறேன். கால் ஒண்ணு பழுது, வாய் மட்டும் புதுசு." சனம் கூடிவிட்டது. சிரிப்பு. இரண்டு பேர் என்னைத் தூக்கி வண்டியில் வைத்தார்கள். நான் இறங்கியிருக்கலாம். இறங்கினால் கோபப்பட்டவன் ஆவேன். தோற்றவன் ஆவேன். நீ எழுதி எழுதிக் கேட்டபோது எழாதவன், அந்தச் சிரிப்புக்காக உட்கார்ந்திருந்தேன். பாலம் முழுக்க அவன் என்னை ஏலம் கூவிக்கொண்டே வந்தான். ஒருவரும் வாங்கவில்லை.

ஜோவாலில் காரில் ஏறியதும் அவன் வாய் அடங்கியது. என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டான். ம்பூர் வரை அந்தப் பக்கமே பார்க்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

வியாழக்கிழமை காலையில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். சுண்டுவிரலையும் அதன் அண்ணனையும். மற்றவை பற்றி வருகிற வியாழன் பார்த்துச் சொல்வாராம் மருத்துவர். நீ வந்து அவரிடம் பேசு. உங்கள் மருத்துவ மொழியில் அவர் சொல்வது எனக்குப் பாதிதான் புரிகிறது. புரிந்த பாதி நன்றாக இல்லை.

நேற்று பெரிய வெள்ளி. கோயிலில் யார் வாசித்தார்கள் என்று தெரியவில்லை. மதியம் ஹமாத் ஒரு கிண்ணத்தோடு வந்தான். ஙலாக். என் கடலை, என் கம்பு, என் ஆனைப்புளி. அவன் மனைவி தாக்கோ செய்திருக்கிறாள். எல்லா வீடுகளுக்கும் அவளே அனுப்பினாளாம். முஸ்லிம் வீட்டிலிருந்து நம் ஆட்களின் வீடுகளுக்கு. சந்தையில் நான் வாங்கிய சர்க்கரையை அதில்தான் போட்டாளாம். என் கிண்ணத்தில் மட்டும் ஒரு துளி இல்லை. சுவருக்குப் பூசலாம்.

"உப்பு" என்றேன். "துக்குலேர்களுக்குச் சமைக்க வராது."

அவன் சிரித்தான். வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தைக் கொடுத்தேன். அதைத் திருப்பி உள்ளே பார்த்தான். "வெறுங்கிண்ணம். திபோர் கத்தினதுல ஞாயம் இருக்குடா" என்றான்.

என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் சாகும்வரை உன்னைக் கஞ்சன் என்றே நினைத்துப் போனாள், என்னால்தான் என்றேன்.

அவன் கிண்ணத்தால் என் முழங்கையை இடித்தான்.

"அட முட்டாளே. நான் ரெண்டு கட்டிதான் போட்டுக்கிட்டிருந்தேன், புள்ளைங்க ரெண்டு பேருன்னு. அவதான் கடைக்கு வந்து சொன்னா, மூணாப் போடுன்னு. மூணாவது யாருக்குன்னு கேட்டேன். கொட்டகைக்குப் பின்னால ஒரு புள்ள நிக்கும், அதுக்குன்னா. நான் கத்துறத மட்டும் நிறுத்த மாட்டேன், நீ தலையக் குனிஞ்சுக்கன்னா."

அவன் போய்விட்டான். கிண்ணத்தை மேசைமேல் வைத்துவிட்டே போனான். மறந்தானா, வேண்டுமென்றா, தெரியாது. செவிலி கழுவிக் கொடுத்தாள். கட்டிலருகே இருக்கிறது. வெறும் கிண்ணமாகத் திருப்பி அனுப்பக் கூடாது. சர்க்கரையும் போடக் கூடாது. வேறு என்ன போடுவது என்று காலையிலிருந்து யோசிக்கிறேன், ஒன்றும் தோன்றவில்லை.

காலையில் வலித்தது, சிகா. மூன்றாவது விரல். செவிலியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் மாத்திரை கொண்டுவந்தாள். வேண்டாம், கொஞ்ச நேரம் வலிக்கட்டும், நாளை மகள் வருகிறாள், அவளிடம் சொல்ல வேண்டும் என்றேன்.

அப்பா