விசில் ஊத ஆளில்லாத அருவி

வடகரை,
வியாழக்கிழமை.

அன்பு மகன் ஹுஸைஃபாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே வாப்பாவும் சனோபரும் நானும் அல்லாஹ்வின் காவலில் நன்றாக இருக்கிறோம், அதே காவல் மஸ்கட்டில் உனக்கும் உன் அறையில் இருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் குறையாமல் கிடைக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்கிறேன். தினமும் போனில் முகம் பார்க்கிற மகனுக்குக் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் வாப்பா வாங்கிக்கொள்கிறார், அவர் திருப்பித் தருவதற்குள் உனக்கு டூட்டிக்கு நேரமாகிவிடுகிறது. அதோடு நான் சொல்ல வந்ததைப் பேச ஆரம்பித்தால் குரல் நடுங்கும், பிள்ளை பயந்துபோவான் என்று வாப்பா கண்ணாலேயே தடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மன்சூர் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறான். அவன் பெட்டியில் உனக்கு நார்த்தங்காய் ஊறுகாய் இரண்டு டப்பா வைத்திருக்கிறேன், கூடவே இந்தக் கடிதம். டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

வாப்பாவின் முழங்கால் வலி பரவாயில்லை, கடைக்கு நடந்தே போய் வருகிறார். சனோபருக்குக் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது, நான் படித்த அதே தாவரவியல்தான், அடுத்த வாரம் வகுப்பு தொடங்குகிறது. அவள் என்னைப் போல் இல்லை. சேர்க்கை அன்று கவுண்டரில் இருந்தவர் ஏதோ சான்றிதழ் குறைகிறது என்று சொன்னதற்கு, கொடுத்த தேதியையும் வாங்கிக்கொண்டவர் பெயரையும் சொல்லிச் சண்டை பிடித்து வாங்கி வந்தாள். இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான் என்று வாப்பா எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வார், ஆனால் அந்த மூன்று வருஷத்தில் வகுப்பில் நான் பேசிய ஒரே வார்த்தை வருகைப் பதிவுக்குச் சொன்ன 'உள்ளேன்' மட்டும்தான் என்பது அவருக்குத் தெரியாது. இந்த வருஷம் சீசன் நல்ல சீசன். மூன்று வாரமாகச் சாரல் விடவில்லை, துணி காயவில்லை, குற்றாலம் ரோட்டில் நடக்க இடம் இல்லாமல் வெளியூர்க் கார்கள்.

இந்த நேரத்தில்தான் உன் செய்தி வந்தது. அடுத்த வாரம் ஐந்து நாள் லீவு, நாலு பேர் சேர்ந்து கார் எடுத்துச் சலாலாவுக்குப் போகிறோம், அங்கே இப்போது சீசன், மலையெல்லாம் பச்சை, அருவி விழுகிறது, எங்கெங்கே பார்க்க வேண்டும் என்று பக்கத்து வீட்டு மீரான் மாமாவிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். சலாலாவில் பதினெட்டு வருஷம் கடை வேலை பார்த்தவர் அவர், கேட்டால் மகிழ்ந்துபோவார் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அருவி என்ற வார்த்தையைப் படித்ததுமே போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மாமாவிடம் போய்க் கேட்டேன். "ஏட்டி நூரு, குத்தாலத்துத் தண்ணியில வளந்த பய, ஆயிரம் கிலோமீட்டர் கார ஓட்டி அருவி பாக்கப் போறானாக்கும்? நம்ம ஊருச் சாரல் அவனுக்குப் பத்தலியோ?" என்று சிரித்தார். ஜாஹிரா மாமி அடுப்படியில் இருந்தபடியே, "நீங்க மட்டும் அருவிய இங்கன விட்டுட்டு பதினெட்டு வருசம் அங்கன போயி இருக்கலியா?" என்று கேட்டார்கள். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு வழி சொல்ல ஆரம்பித்தார். அவர் சொன்னதை எல்லாம் அப்படியே எழுதுகிறேன். விடியற்காலையில் சுபுஹு தொழுத கையோடு மஸ்கட்டில் புறப்பட வேண்டுமாம். வழியெல்லாம் வெறும் மணல்தான், கண் சொருகும், அதனால் ஓட்டுகிறவனோடு ஒருவன் பேசிக்கொண்டே வர வேண்டும். பாதி வழியில் ஹைமாவில் நிறுத்தி பெட்ரோல் போட்டு, சாப்பிட்டு, அரை மணி நேரம் படுத்து எழுந்த பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும். அந்தி சாய்வதற்குள் ஊர் சேர்ந்துவிட வேண்டும், ஏனென்றால், "பொழுது சாஞ்சா ஒட்டகம் ரோட்டுல வந்து படுத்துக்கிடும், எவ்வளவு ஹாரன் அடிச்சாலும் எந்திரிக்காது, உங்க மாமி மாதிரி." மாமி கரண்டியோடு எட்டிப் பார்த்தார்கள், மாமா உடனே பேச்சை மலைக்கு மாற்றிவிட்டார். மணல் முடிந்து மலை தொடங்கும் இடத்தில் சட்டென்று பனிமூட்டம் வருமாம், முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்குகூடத் தெரியாதாம். அதற்கப்புறம் நம் ஊர் போலவே தென்னையும் வாழையும், ரோட்டோரத்தில் இளநீர்க் கடைகள். முதல் நாள் ஐன் ரசாத் ஊற்றுப் பக்கம் போதும், உடம்பு அசதி தீரும். இரண்டாம் நாள் வாதி தர்பாத், அங்கேதான் அருவி, பச்சைப் புல்லில் ஒட்டகமும் மாடும் மேயும், போட்டோ எடுக்கக் காலையில் போகச் சொன்னார். மூன்றாம் நாள் முக்ஸைல் கடற்கரை, அங்கே பாறை ஓட்டை வழியாகக் கடல் தண்ணீர் பீச்சியடிக்கும், பார்க்க அழகு, ஆனால் கம்பி வேலியைத் தாண்டி ஒரு அடிகூட வைக்கக் கூடாது என்று இரண்டு தரம் சொன்னார். நானும் இரண்டு தரம் எழுதுகிறேன், ஒரு அடிகூட வைக்கக் கூடாது.

இதோடு நிறுத்தியிருந்தால் நானும் இதை மட்டும் எழுதி அனுப்பியிருப்பேன். தர்பாத் என்றதும் மாமாவுக்குப் பழைய ஞாபகம் வந்து, போன புதிதில் வடகரைப் பிள்ளைகள் ஐந்து பேர் நல்லெண்ணெய் பாட்டிலோடு அங்கே போன கதையைச் சொன்னார். அந்த ஊர் ஆட்கள் எல்லாம் தள்ளி உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். இவர்கள் மட்டும் சட்டையைக் கழற்றி, தலையோடு காலாக எண்ணெய் தேய்த்துக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். மேலே நின்ற ஒரு பெரியவர் கையை ஆட்டி என்னவோ கத்தினாராம். அவர் ஏதோ விற்கிறார் என்று நினைத்து இவர்களும் பதிலுக்குக் கையை ஆட்டினார்களாம். "நம்ம குத்தாலம் மாதிரி வெள்ளம் வந்தா போலீஸ்காரன் விசில் ஊதுவாம்லா, அப்பம் ஏறிக்கிடலாம்னு நின்னோம்ட்டி. அந்தக் காட்டுல எவன் ஊதுவான்? வெள்ளம் வந்து துண்டு போச்சு, பாட்டில் போச்சு, ஆளு தப்பிச்சது ஆண்டவன் புண்ணியம்" என்று சொல்லி வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன், மாமி கொடுத்த டீயைக்கூடக் குடிக்கவில்லை.

மகனே, உனக்குச் சொல்ல வேண்டாம் என்று வாப்பாவும் நானும் பேசி வைத்த ஒன்றை இப்போது சொல்கிறேன். போன மாதம் உன் சென்னை மாமி மகள் சஃப்ரின் இங்கே வந்திருந்தாள் அல்லவா, அவளையும் சனோபரையும் கூட்டிக்கொண்டு குற்றாலம் போனேன். தண்ணீர் அதிகம், எல்லா அருவியிலும் குளிக்கத் தடை. சஃப்ரின் முகம் வாடியதைப் பார்த்து ஆட்டோ ஓட்டிய மாடக்கண்ணு, "மேக்கரைப் பக்கம் ஒரு தோப்புக்குள்ள ஓடை இருக்குக்கா, சின்னதா பாறையில விழும், பயமே கிடையாது" என்று அழைத்துப் போனார். அங்கே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. முழங்கால் அளவுத் தண்ணீர், பன்னிரண்டு பதின்மூன்று பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். நான் கரையில் பாறைமேல் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை தண்ணீரில் பழுத்த இலையும் சருகும்தான் வந்துகொண்டிருந்தன. திடீரென்று பச்சை இலைகள் வந்தன, காம்போடு பிய்ந்த இலைகள், தோப்பில் இல்லாத, மேலே மலையில் மட்டும் இருக்கிற மரத்து இலைகள். தண்ணீரின் நிறம் டீ கலந்ததுபோல் லேசாக மாறியது. மேலே எங்கோ தண்ணீர் மரக்கிளைகளை முறித்துக்கொண்டு வருகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சந்தேகமே இல்லாமல் தெரிந்தது.

ஆனால் நான் கத்தவில்லை. முன்பின் தெரியாத இத்தனை ஆட்கள், ஈரத் துணியோடு ஆண்கள், நான் சொல்லி ஒன்றும் வராமல் போனால் சிரிப்பார்களே என்று நாக்கு ஒட்டிக்கொண்டது. பேசாமல் தண்ணீரில் இறங்கி, சனோபர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன், சஃப்ரினுக்குச் சைகை காட்டினேன். சனோபருக்குக் கோபம். "என்ன உம்மா நீங்க, யாரும் விசிலே ஊதல, அதுக்குள்ள இழுக்கிய!" என்றாள். பக்கத்தில் நின்ற ஒரு பெண், புளியங்குடிக்காரி, "பிள்ளைய இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கக்கா, ஆசையா குளிக்கால்லா" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் அவளைப் பார்த்துச் சிரித்தேன். சிரித்துவிட்டு, எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரை மட்டும் இழுத்துக்கொண்டு கரை ஏறிவிட்டேன். இரண்டு நிமிஷம்கூட இருக்காது. அதற்குள் செம்மண் நிறத்தில் தண்ணீர் இடுப்பளவுக்கு வந்தது. எல்லாரும் அலறிக்கொண்டு ஓடி ஏறினார்கள், அந்தப் பெண் மட்டும் வழுக்கிப் போய் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். மாடக்கண்ணு ஆட்டோவில் இருந்த கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கி, நாலு பேர் கரையில் பிடித்து இழுக்க, அவளைக் கொண்டுவந்து சேர்த்தார். இடது கை முறிந்திருந்தது. யாருக்கும் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். நான் என் துப்பட்டாவால் அவள் கையைக் கட்டும்போது, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்தபடி கேட்டாள். "நீங்க முன்னாடியே பாத்துட்டீங்கள்லாக்கா? ஒரு சத்தம் போட்டிருக்கலாம்லா?"

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் இந்த ஒரு மாதமாகக் கொஞ்சமாவது தூங்கியிருப்பேன்.

இப்போது என் பயம் எது என்று உனக்குச் சொல்ல முடியும். வெள்ளத்துக்கு மட்டும் நான் பயப்படவில்லை. நீ கவனிக்கிற பிள்ளை, இலை மாறினால் பார்ப்பாய், நிறம் மாறினால் பார்ப்பாய், மலையில் மேகம் கருத்தால் பார்ப்பாய். ஆனால் நீ சொல்ல மாட்டாய். நீ என் வாயோடு பிறந்தவன். பிளஸ் ஒன் படிக்கும்போது வயிற்றுவலியை இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் சுருண்டு கிடந்து, கடைசியில் ஆபரேஷன் வரை போனது ஞாபகம் இருக்கிறதா, ஏன் சொல்லவில்லை என்று டாக்டர் கேட்டதற்கு எல்லாரும் வேலையாக இருந்தார்கள் என்றாய். உன்னோடு வருகிற மூன்று பிள்ளைகளும் ஆர்ப்பாட்டமான பிள்ளைகள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அவர்கள் இறங்குவார்கள், நீ கரையில் நின்று பார்த்துக்கொண்டு, இதைச் சொன்னால் கேலி செய்வார்களோ என்று நிற்பாய். அல்லது கூட்டத்தோடு நீயும் இறங்கி, எங்கிருந்தாவது விசில் சத்தம் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாய். இந்த இரண்டையும் நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

போகாதே என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். இரண்டு வருஷத்தில் நீ எடுக்கிற முதல் லீவு, போய் வா. ஆனால் தண்ணீரில் இறங்காதே, யாரையும் இறங்க விடாதே. ஏதாவது மாறுவது தெரிந்தால் அந்த நிமிஷமே கத்து. பாஷையை யோசிக்காதே. அரபியில் பர்ரா என்றால் வெளியே என்று மாமா சொன்னார், அது வந்தால் அதைச் சொல், வராவிட்டால் ஏறுலே என்று நம் பாஷையில் கத்து, குரலில் பயம் இருந்தால் எல்லாருக்கும் புரியும். ஒன்றும் வராமல் போய் உன்னைப் பார்த்து நாலு பேர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தச் சிரிப்பு ராத்திரியில் வந்து உன்னை எழுப்பாது.

உனக்குச் சொல்கிறேனே, எனக்கு முதலில் வருமா என்று நேற்று மதியம் மாடிக்குப் போனேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, யாருக்கும் கேட்காது என்ற தைரியம். முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் புளியங்குடிப் பெண்ணை நினைத்துக்கொண்டு, "எல்லாரும் மேல ஏறுங்க!" என்று கத்திவிட்டேன். சனோபர் இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடி வந்தாள். ஜாஹிரா மாமி பக்கத்து மாடியில் மாவுக் கையோடு வந்து நின்று, "ஏட்டி, என்னட்டி ஆச்சு, பாம்பா?" என்றார்கள். தெருவில் சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி அண்ணாந்து பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது, ஆனாலும் நின்றுகொண்டு, "ஒண்ணுமில்ல மாமி, எம் மகன் சலாலாவுக்குப் போறான்" என்று சொன்னேன்.

போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை அனுப்பு, திரும்பியதும் ஒரு வார்த்தை அனுப்பு, இதை மறக்கக் கூடாது. வண்டி எடுக்கும் முன் ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொள். வாப்பா ஸலாம் சொல்லச் சொன்னார், சனோபர் இளநீர்க் கடை போட்டோ கேட்கிறாள். அல்லாஹ் உன்னையும், உன்னோடு வருகிற மூன்று தாய்மாரின் பிள்ளைகளையும் கரையிலேயே வைத்துக் காப்பானாக. ஆமீன்.

உன் உம்மா,
யூ. நூருன்னிசா