ஒன்றை அழுத்தவும்

மார்ச் 4
பேருந்து நிறுத்த ஒலிபெருக்கியில் இன்றும் அதே குரல்: "பால்வினைத் தொற்று குறித்துப் பிள்ளைகளிடம் மனம்விட்டுப் பேசுங்கள்." பேசியவன் நான். விளம்பரங்களுக்குக் குரல் கொடுப்பதுதான் பிழைப்பு. பக்கத்தில் நின்றவர் தலையில் அடித்துக்கொண்டார். "இதையெல்லாம் நடுரோட்டுலயா கத்துவாங்க?" நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 7
மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. பதினேழு வயதுப் பெண், குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். மனைவியிடம் சொன்னேன்.
"ஊருக்கே சொல்றீங்கல்ல, நீங்களே கேளுங்க."
"நீதானே அம்மா, நீ கேளு."
கடைசியில் யாரும் கேட்கவில்லை.

மார்ச் 8
தூக்கமில்லை.

மார்ச் 9
மகளின் அறைக்குள் ஆண்குரல். பகீரென்றது. கதவில் காதை வைத்தேன். கடவுளே, அது நான்!
"வணக்கம். வெட்கப்படாதீர்கள். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டாம். ஆலோசகரிடம் பேச, ஒன்றை அழுத்தவும்."
பால்வினைத் தொற்று உதவி எண்ணுக்காகப் போன வருடம் பேசிக் கொடுத்தது. அவள் எதையும் அழுத்தவில்லை. துண்டித்துவிட்டு மறுபடி அழைத்தாள். மறுபடி நான். மறுபடியும். என்ன கனிவு அந்தக் குரலில்! எனக்கே பயமாக இருந்தது. யார் இந்த ஆள்? ஏன் இவன் வீட்டுக்கே வருவதில்லை?

மார்ச் 10
மகளின் கதவைத் தட்டிவிட்டேன். வாயைத் திறந்தால் — "தொற்றின் அறிகுறிகள் ஏதேனும் தென்படுகின்றனவா?" சீ! எழுதிக் கொடுத்த தமிழ்தான் வருகிறது. வீட்டுப் பேச்சில் இதற்கு என்னிடம் ஒரு வார்த்தைகூட இல்லை.
வெறித்துப் பார்த்தாள். "ஒன்னை அழுத்தணுமாப்பா?"
சிரிக்கவில்லை அவள்.
"எரியுதாம்மா?"
அவ்வளவுதான் கேட்டேன். பொத்துக்கொண்டு அழுதாள். "ஆமாப்பா. பயமா இருக்கு. அடிச்சிடாதீங்க."
ஒருநாளும் கை ஓங்கியதில்லையே நான்! பின் ஏன் அப்படிச் சொன்னாள்?

மார்ச் 12
டாக்டரம்மா பரிசோதனை முடிவைப் பார்த்தார். "தொற்றுதான். மாத்திரையில சரியாயிடும். அந்தப் பையனையும் வந்து பாக்கச் சொல்லுங்க."
எந்தப் பையன்? பல்லைக் கடித்துக்கொண்டேன். மனைவி மகளின் கையை விடவேயில்லை.

மார்ச் 21
சாப்பாட்டு மேசையில் மகள், "அப்பா, எரிச்சல் சுத்தமா போயிடுச்சு" என்றாள். மனைவி "சாப்பிடுற இடத்துல..." என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டாள்.
பிறகு அந்த எண்ணை நானே அழைத்துப் பார்த்தேன். "ஆலோசகர்கள் அனைவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். காத்திருக்கவும்" என்றேன் எனக்கே. இன்னும் எத்தனை வீட்டுப் பிள்ளைகள், எத்தனை மூடிய கதவுக்குப் பின்னால்? சட்டென்று துண்டித்தேன். யாருக்காவது வழி கிடைக்கட்டும்.