கட்டைவிரல் பாட்டும் கிடங்குச் சாவியும்

மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் ரத்த அழுத்தம் தவிர. அதற்குக் காரணமே நீ என்பதால் உன் நலத்தைக் கடைசியில் விசாரிக்கிறேன்.

போன வாரம் கடையில் ஆணி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது உன் பழைய பாட்டுக் குழுவின் டிரம்ஸ்காரனும் வயலின்காரியும் வந்து நின்றார்கள். அவன் தலை வழுக்கை, அவள் பல் டாக்டராம், அப்போது முள்ளம்பன்றி மாதிரி முடியை நட்டுக்கொண்டு திரிந்தவள். நீ வெளியூர் போனதும் அடித்துக்கொண்டு பிரிந்தவர்கள் இன்னும் முகம் பார்த்துப் பேசுவதில்லை, என்னைத் தபால்காரனாக்கினார்கள். அவன் தாளத்தை வேகமா ஓட்டாம இருந்தா வாசிக்கிறேன்னு சொல்லுங்கப்பா என்கிறாள் அவள், அவ சுருதி சேர்த்துட்டு வந்தா நான் ஏன் ஓட்டப்போறேன் என்கிறான் அவன், நடுவில் நான் தராசு முள். இதுகள்தான் மறுபடி சேர்ந்து மேடையேறப் போகிறதாம், நீ லீவு போட்டு வருகிறாயாம், ஒத்திகைக்கு என் பின்கிடங்கு வேண்டுமாம். பெற்றவனுக்கு மகள் வருகிற சேதி வழுக்கைத்தலையன் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

நாட்டுப்பாட்டை எடுத்துக் கிடாரில் போட்டு உலுக்கிக் கத்துவது உங்கள் இஷ்டம். ஆனால் முதல் பாட்டு என்னைப் பற்றி நீ எழுதிய அதே பாட்டுதானாம். எங்கப்பன் கட்டைவிரல் காக்கிலோ, ஆணி வாங்க வந்தவனே அழுதுக்கோ. கைவண்டியில் பழைய இரும்பு தள்ளி நான் எழுப்பிய கடையை, தட்டில் விரல் அழுத்தி எடை ஏமாற்றும் கடை என்று நீ இரண்டு வரியில் சிரிப்பாக்கினாய். தெருப்பிள்ளைகள் என்னைப் பார்த்தாலே பாடின, வாடிக்கைக்காரர்கள் தராசு முள்ளை விட்டுவிட்டு என் விரலைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து சரக்கைத் தட்டில் வைத்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்கிறேன். தராசு போய் எலக்ட்ரானிக் மிஷின் வந்தும் கை தானாகப் பின்னால் போகிறது. அப்பா முதுகு வலிக்குதா என்று அந்தப் பல் டாக்டர் கேட்டாள், உங்க பாட்டு வலிக்குதும்மா என்றேன், அப்போதுதான் இருவரும் முதல்முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உன் அம்மாவோ துணி மடிக்கும்போது அதையே முணுமுணுக்கிறாள், கேட்டால் மெட்டு நல்லாருக்கு என்கிறாள். வீட்டுக்குள்ளேயே எதிரி.

என்னைக் கஞ்சன் என்று பாடு, வியாபாரிக்கு அது பட்டம். முன்கோபி, கூத்து ரசிக்காத கல் என்று பாடு, கோபப்பட மாட்டேன். எடையில் கை வைத்தவன் என்று மட்டும் பாடாதே. ஒரு குண்டூசிகூடக் குறைத்துக் கொடுத்ததில்லை. எதுகை கிடைத்தது என்பதற்காக அப்பனை விற்றுவிட்டாய்.

ஊருக்கு வந்ததும் வீட்டுக்குப் போகாதே, நேரே கடைக்கு வா. யாராவது ஒரு வாடிக்கைக்காரனுக்கு நான் கட்டிக்கொடுத்த பொட்டலத்தை வாங்கி நீயே எடை போட்டுப் பார். குறைந்தால் கிடங்கை எழுதித் தருகிறேன், விடிய விடியக் கத்துங்கள். சரியாக இருந்தால் அந்த ஒரு வரியை மாற்று. எப்படி மாற்றுவது என்று என்னைக் கேட்காதே, ஆணி விற்பவன் நான்.

கிடங்கில் மேல்கூரை ஒழுகிய இடத்தை அடைத்துவிட்டேன், சரக்குக்காக, உங்களுக்காக இல்லை. தொண்டையைப் பார்த்துக்கொள், அங்கே குளிர் என்கிறார்கள், வெந்நீர் குடி. நலமா? நன்றாக இரு, நீடூழி வாழ். டிக்கெட் போட்டதும் எனக்கு முதலில் சொல், அந்த வழுக்கைத்தலையனுக்கு இல்லை. சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது.

கைகளைப் பின்னால் கட்டியபடி,
உன் அப்பா