மீட்டர் போடாத பால்

அன்பு மகள் மலர்விழிக்கு அப்பா எழுதுவது. நான் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்துவிட்டேன், எங்கிருந்து என்று கேட்பாய், சொல்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் பச்சைப் பிள்ளையும், பிரசவம் பார்க்க வந்து விமானம் நின்றுபோனதால் மஸ்கட்டிலேயே மாட்டிக்கொண்ட உன் அம்மாவும் சுகமாக இருக்க மயிலம் முருகனை வேண்டிக்கொண்டேன். மலைக்கோயில் பூட்டியிருப்பதால் கீழே ரோட்டில் நின்றுதான் வேண்டினேன், கேட்டிருக்கும்.

ஊரடங்கு போட்டதும் திண்டிவனத்தில் டீக்கடைகளை மூடிவிட்டார்கள். டீக்கடை இல்லையென்றால் பால் வண்டி சரியாக வராது, வண்டி வராவிட்டால் சொசைட்டியில் ஒரு வேளைப் பால்தான் எடுப்பார்கள். இந்த விவரத்தை எல்லாருக்கும் சொன்னார்கள், மாட்டுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. செவலை இரண்டு வேளையும் மடி நிறைய நின்றது. சாயங்காலப் பாலைத் தயிராக்கி, தயிரை மோராக்கி நானே குடித்துக்கொண்டிருந்தபோதுதான் காய்ச்சல் கண்டது. சாதாரணக் காய்ச்சல் என்று போனில் உங்களிடம் சொன்னது பொய், மன்னித்துக்கொள். விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். நம் தெருவின் இரண்டு முனையிலும் தகரம் அடித்து, இந்தத் தெருப் பால் சொசைட்டிக்கு வரவே கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். ஆம்புலன்ஸில் எனக்கு மூச்சைவிடப் பெரிய கவலை செவலைதான். என்னைத் தவிர யாரையும் மடியில் கை வைக்க விடாது. கறக்காமல் விட்டால் மடி கல்லாகிவிடும், நாலு நாள் போனால் மாடு தங்காது.

சொசைட்டியில் பால் அளக்கிற ஜெயம் நம் தெருதான், உனக்குத் தெரியும். ஒன்பது வருஷமாக என் பாலில் தரம் பார்க்கிற மீட்டரைப் போட்டுவிட்டு, வரிசையில் நிற்கிற அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி, இன்னா மாமா, ஒங்க வூட்டு மேல மட்டும் தெனம் மழை பெய்யுதா என்று கேட்பாள். தீவனம் சரியில்லை என்பேன். அவளிடம் போய் உதவி கேட்க எனக்கு வாய் வரவில்லை. மூன்றாம் நாள் அவளே போன் செய்தாள். அவள் கறக்கப் போனதும் முதலில் செவலை உதைத்துச் செம்பு உருண்டதாம். அப்புறம் கொடியில் கிடந்த, நான் பால் கறக்கிற அழுக்குச் சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டிக்கினு, என்னை மாதிரியே செருமிக்கினு போய் உட்கார்ந்தாளாம். மோந்து பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றதாம். நோய்க்காரன் சட்டையாச்சே, துவைத்துப் போடக்கூடாதா என்று பதறினேன். தொவச்சா மாட்டுக்கு ஒங்கள அடையாளம் தெரியாது மாமா, போன வச்சிட்டு கஞ்சிய குடிங்க என்றாள். நல்ல வேளை, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கறந்த பாலைக் காய்ச்சித் தகரத்துக்குள் அடைபட்ட பதினோரு வீட்டுக்கும் கொடுத்திருக்கிறாள். நம் தெருப் பிள்ளைகள் அதற்குமுன் அவ்வளவு பால் குடித்ததில்லை, எல்லாம் டீக்கடைக்கல்லவா போகும். பழக்கதோஷத்தில், வீட்டில் வைத்திருந்த மீட்டரையும் தினமும் போட்டுப் பார்த்திருக்கிறாள். நான் ஊரில் இல்லாத பன்னிரண்டு நாளும் பால் முதல் தரமாம். இப்படியாக மாட்டின் மேல் ஒன்பது வருஷம் இருந்த பழி நீங்கியது. நீங்கி யார் மேல் வந்து உட்கார்ந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை.

தகரம் பிரித்தபின் முதல் நாள் பால் எடுத்துப் போய் வரிசையில் கடைசி ஆளாக நின்றேன். ஜெயம் மீட்டரைத் தொடவே இல்லை. ஊத்துங்க மாமா என்றாள், அவ்வளவுதான். மழையைப் பற்றிக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றிலிருந்து ஒரு கை தண்ணீர் சேர்க்க மனம் வரவில்லை. அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும், கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டும், நேரில் போனால் தீவனத்தைப் பற்றியே பேசிவிட்டுத் திரும்புகிறேன்.

பிள்ளையைக் கூட்டத்தில் தூக்கிக்கொண்டு போகாதே. தண்ணீர் விஷயத்தை அம்மாவிடம் பக்குவமாகச் சொல். விமானம் விட்டதும் அவளிடம் எனக்கொரு சட்டை கொடுத்தனுப்பு, பழையதை ஜெயத்திடம் திருப்பிக் கேட்பதாக இல்லை. முருகன் உங்களுக்குத் துணையிருப்பான். தபால் எப்போது வந்து சேருமோ தெரியாது, அதனால் இதை ஜெயம் போனில்தான் படம் பிடித்து அனுப்ப வேண்டும். படிக்காமல் அனுப்பு என்று சொல்வேன். படிப்பாள். படிக்கட்டும்.

உன் நலம் நாடும் அப்பா,
கண்ணையன்