டெய்சியின் சோத்தாங்கை

12.6.1996
புது நோட்டு. நானே எழுதுகிறேன்: இஞ்ஞாசி, வயது 67, திண்டுக்கல். வெங்காயப் பேட்டையில் நாற்பது வருடம் மூட்டை தூக்கிய கை, அறிவொளி வகுப்புக்குப் போய் இன்று 'ழ'வை முழுதாகச் சுழித்துவிட்டது. மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

16.6.1996
பேத்தி டெய்சிக்கு ஏழு வயது. டிசம்பரில் புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்கப் போகிறாள். இன்றும் கோயிலில் சோத்தாங்கையை விட்டுவிட்டு நொட்டாங்கையால் சிலுவை போட்டாள். பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லித்தரும் உபதேசியார் எல்லார் முன்பும், "என்ன இஞ்ஞாசி, ஒம்ம வீட்ல சாத்தானுக்கா பூச வைக்கிறீரு?" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள்.
"நான் பழக்குறேன்யா" என்றேன். அறுபத்தேழில் என் கை வளைந்தது. ஏழில் வளையாதா?

2.7.1996
அவள் நொட்டாங்கையைத் துண்டால் இடுப்போடு கட்டினேன். சோத்தாங்கையால் அள்ளினால்தான் சோறு. விரலை விரிக்க மாட்டேன் என்கிறாள். அந்தக் கையிலேயே ஓர் அடி வைத்தேன்.
"அது வர மாட்டேங்குது தாத்தா."
"நானும் அப்படித்தான் சொன்னேன். இப்ப எழுதலையா?"

9.7.1996
மருமகள் ரூபி, "போதும் மாமா, விடுங்க" என்றாள். விடவில்லை.

20.7.1996
இன்றும் அவள் பட்டினி. நான் சாப்பிட்டேன்.

6.8.1996
பள்ளிக்கூடத்தில் டெய்சிக்கு வலிப்பு. மதுரைக்குக் கொண்டுபோனோம். தலையைப் படம் எடுத்தார்கள். டாக்டரம்மா கேட்டார்: "கைக்கொழந்தையிலயே ஒரே கையைத்தான் நீட்டுனாளா?"
"ஆமாம்மா, ஆறு மாசத்துலயே நொட்டாங்கைதான். நாங்க சிரிப்போம்" என்றாள் ரூபி.
"அப்பவே காட்டியிருக்கணும். பொறந்த ஒண்ணு ரெண்டு நாள்ல மூளைக்குப் போற ரத்தம் ஒரு பக்கம் அடைச்சிருக்கு. பெரியவங்களுக்கு வர்ற பக்கவாதம்தான். வலது கை விரலை அவளால சரியா விரிக்க முடியாது. கால் கொஞ்சம் இழுக்கும், கணக்கு மெதுவா வரும். ஆனா படிப்பா."
பிறகு, "மணிக்கட்டுல என்ன காயம்?" என்றார்.
ரூபி என்னைப் பார்க்கவில்லை.

7.8.1996
முடியாத கையை அடிச்சிருக்கேன். முடிஞ்ச கையைக் கட்டியிருக்கேன். நாலு எழுத்து வந்த திமிரு — வேற என்ன?

20.8.1996
நான் எதிரில் இருந்தால் டெய்சி சாப்பிடுவதில்லை. ரூபி அவள் தட்டை அடுப்படிக்கு மாற்றிவிட்டாள். என் முன்னால் ஒரு வாய் அள்ளிவிட்டால் போதும். வேறொன்றும் கேட்கவில்லை.

15.12.1996
புதுநன்மை. நொட்டாங்கையாலேயே சிலுவை போட்டாள். பூசை வைத்த சாமியார் ஒன்றும் சொல்லவில்லை. உபதேசியாரும் பேசாமல் இருந்தார். அம்புட்டுத்தான். இதுக்கா அந்தப் பிள்ளையை அந்தப் பாடு படுத்துனேன்?

3.2.2004
டெய்சி இப்போது ஒன்பதாம் வகுப்பு. கணக்கில் மறுபடி தேறவில்லை. தமிழில் எண்பது.
மத்தியானம் தெரியாமல் அவள் சாப்பிடும்போது என் தட்டோடு அடுப்படிக்குள் போய்விட்டேன். அவள் கை தட்டிலிருந்து மடிக்கு இறங்கியது. அப்படியே உட்கார்ந்திருந்தாள். எட்டு வருடத்தில் இன்றுதான் கேட்டேன்:
"இன்னும் கோவமா தாயி?"
"சே, இல்ல தாத்தா. கை தானா கீழ போயிருது."
சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.
தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். செத்த நேரத்தில், அம்மாவிடம் சோற்றுக்குத் தொட்டுக்க இன்னும் கொஞ்சம் வெஞ்சனம் கேட்கும் அவள் குரல் உள்ளேயிருந்து வந்தது.