முக்கால் வேகத்தில் ஒரு பாட்டு

பிப்ரவரி 4
இரண்டாவது லிஃப்ட்டின் மோட்டார் இன்று அரை சுருதி ஏறி முனகியது. எண்ணெய் போட்டதும் பழைய சுருதிக்கு இறங்கிவிட்டது. "கையை வைக்கறதுக்கு முன்னாடி காதை வைக்கறீங்களே சார்!" என்றார் காவலாளி. லிஃப்ட் மெக்கானிக்குக்கு இதைவிடப் பெரிய பாராட்டு உண்டா?

மாலையில் மச்சான் வந்தார். மேசையில் பாதி எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராம், பாதியில் நிற்கும் மொழிப்பாடம், சுவரோரம் ஒரு கம்பி அறுந்த கிட்டார். எல்லாவற்றையும் ஒரு நோட்டம் விட்டார். "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான், மாப்ள." மனைவி சிரித்துவிட்டாள். அதுதான் சுருக்கென்றது.

பிப்ரவரி 9
அடுத்த மாதம் மச்சினிக்குக் கல்யாணம். எனக்குச் சகலையாக வரப்போகிறவன் வேறு மொழிக்காரன். நம் மொழியில் வெளுத்துக் கட்டுகிறான். அவனுடைய அம்மாவுக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது, துணைக்கும் ஆளில்லை.

"அத்தனை பேர் நடுவுல அவங்க ஒண்ணும் புரியாம உக்காந்திருந்தா என்னால தாங்க முடியாது, மாமா. நீங்கதானே அவங்க மொழி கத்துக்கறீங்க, ஏதாவது பண்ணுங்க" என்று மச்சினி கண் கலங்கினாள்.

"குடும்பத்தோட அவங்க மொழியில ஒரு பாட்டுப் பாடிடுவோம்" என்று சொல்லித் தொலைத்தேன். நான் படித்திருப்பதே பன்னிரண்டாம் பாடம் வரைதான்! ஏன் சொன்னேன்? சரி, சொன்னது சொன்னதுதான். இந்த ஒன்றையாவது முடிக்கிறேன்.

பிப்ரவரி 16
ஓடுகிறது! போனுக்கு ஒரு செயலி எழுதி, சகலை அனுப்பிய பாட்டை அதில் வரி வரியாக வெட்டிப் போட்டுவிட்டேன். ஒரு வரியைத் தொட்டால் அது மட்டும் திரும்பத் திரும்ப ஒலிக்கும். கீழே தமிழ் எழுத்தில் சொற்கள், பக்கத்தில் பொருள். எல்லோருடைய போனிலும் ஏற்றிக் கொடுத்தாயிற்று.

பிப்ரவரி 20
மாமியார் பல் தேய்க்கும்போதும் பாடுகிறாராம். மாமனார் புகார் செய்தார் — பாட்டிலேயே.

பிப்ரவரி 27
ஒத்திகை. மச்சான் இப்படியொரு அடிக்குரலை இத்தனை வருஷம் எங்கே ஒளித்து வைத்திருந்தார்? முடிந்ததும் "பரவால்லையே" என்றார். அவர் வாயால் அது மாலை மரியாதை. இன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மார்ச் 12
ஐயோ.

சகலை முதல்முறையாக ஒத்திகைக்கு வந்தான். கேட்டுவிட்டுத் தயங்கித் தயங்கி, "உச்சரிப்பெல்லாம் பிரமாதம், அண்ணா. ஆனா ஏன் இவ்ளோ மெதுவா?" என்றான்.

எனக்கு வியர்த்துவிட்டது. கற்றுக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று முதல் நாள் வேகத்தை முக்காலாகக் குறைத்தேன். முழு வேகத்துக்கு மாற்ற ஒரு பொத்தான் வைக்க நினைத்தேன். நினைத்ததோடு சரி. துள்ளிக் குதித்துப் பாடவேண்டிய பாட்டை மொத்தக் குடும்பமும் தூக்கத்தில் நடப்பதுபோல் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. நாளை மறுநாள் கல்யாணம்!

"மரத்தை வெட்டிட்டீங்க மாப்ள, ஆனா அது வீட்டுப் பக்கமா சாயுதே" என்றார் மச்சான்.

மார்ச் 13
முழு வேகத்தில் முயன்றோம். இரண்டாவது வரியிலேயே மாமியாருக்கு மூச்சு வாங்கியது. மச்சினி முகத்தைப் பார்க்க முடியவில்லை. "தெரிஞ்ச வேகத்துலயே பாடுவோம். இது என்ன ஓட்டப்பந்தயமா?" என்றாள் மனைவி. இவளைக் கட்டியதற்காக இன்னொரு தடவை சந்தோஷப்பட்டேன்.

மார்ச் 14
எழுதவே கை ஓடவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்து முடிந்து, சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையாக நின்றோம். சம்பந்தியம்மா தட்டைப் பார்த்தபடி ஓரமாக உட்கார்ந்திருந்தார். நான் புதுக் கம்பி போட்ட கிட்டாரை மீட்டினேன். முதல் வரியில் நிமிர்ந்தார். இரண்டாவது வரியில் புருவத்தைச் சுருக்கினார். மூன்றாவது வரியில் விழுந்து விழுந்து சிரித்தார். போச்சு, மானம் கப்பலேறியது என்றுதான் நினைத்தேன்.

அவர் கரண்டியை எடுத்து மேசையில் தட்ட ஆரம்பித்தார். மெதுவாக, எங்கள் வேகத்திலேயே. பிறகு கொஞ்சம் வேகமாக. இன்னும் வேகமாக. எழுந்து வந்து எங்கள் முன்னால் நின்று, பாடிக்கொண்டே எங்களை இழுத்துக்கொண்டு ஓடினார். மச்சான் ஒரு வரி பின்தங்கினார், மாமியார் பாதிச் சொற்களை விழுங்கினார். யாருக்குக் கவலை? கூடமே மேசையைத் தட்டியது. தனியாக உட்கார்ந்திருப்பாரோ என்று பயந்த அம்மா எங்கள் அத்தனை பேரையும் மேய்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் மெதுவாக ஆரம்பித்தோம் என்று என்னிடமே கேட்டார். "பொத்தான் வைக்க மறந்துவிட்டேன்" என்று போனில் செயலியைக் காட்டி அவர் மொழியிலேயே சொன்னேன். மறுபடி ஒரே சிரிப்பு. கிளம்பும்போது, உங்கள் மொழிக்கும் இதுபோல் ஒன்று செய்துகொடு என்றார். மச்சினி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜூன் 20
சம்பந்தியம்மா போன் செய்தார். நான் செய்து அனுப்பிய செயலியில் படித்த தமிழில்!

"எல்...லா...ரும்... நல்...லா... இருக்...கீங்...களா?"

மனைவி என்னை முறைத்தாள். "இந்தத் தடவையாவது பொத்தான் வெச்சீங்களா?"

"சத்தியமா வெச்சேன்டி! அவங்க தொடலை, அவ்ளோதான்."

பொரி பொரிவதுபோல் பேசுகிற மச்சான் போனை வாங்கினார். "நல்...லா... இருக்...கோம்... சம்...பந்தி..." என்று ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வைத்தார். இருவரும் வெகுநேரம் பேசினார்கள், வானிலையைப் பற்றி மட்டும்.

போனை வைத்ததும் என் பக்கம் திரும்பினார். "மாப்ள, அந்தப் பொத்தானை எடுத்துடுங்க. அவங்க இப்படியே பேசட்டும்."

எடுக்கவில்லை. சட்டென்று கண்ணில் படாத இடத்துக்குக் கொஞ்சம் நகர்த்தியிருக்கிறேன்.