எங்கேயாவது ஓட்டு

14-7-1982

கீழ்க்கொல்லையில் மறுபடியும் ஆடு. மல்லாட்டைக் கடலை முளைத்து நாலு இலைகூட விடவில்லை, அதற்குள் வரப்போரம் முழுக்க மொட்டை. யார் வீட்டு ஆடு என்று விசாரிக்கவே வேண்டாம். உடம்பெல்லாம் கறுப்பு, ஒரு காது மட்டும் வெள்ளை. வேதாவுடையது. ஊரில் எல்லார் கொல்லையும் அதற்கு அத்துப்படி.

வேதா கரட்டோரம் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். நான் கத்தியும் எழுந்திருக்கவில்லை. "வாயில்லாத ஜீவன், நைனாரம்மா. எறும்புக்கு வழி வுட்டு நடக்கறவங்க, ஆட்டுக்கு ரெண்டு செடி வுடமாட்டீங்களா?" என்றாள்.

நயினார் வீடு, சமணர் வீடு என்றால் எல்லோருக்கும் இளக்காரம். ஒரு உயிரையும் கொல்லமாட்டோம் என்பதால் வாயைத் திறந்து திட்டவும் மாட்டோம் என்று நினைப்பு. நன்றாகத் திட்டிவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டில் இவரிடம் சொன்னால், "விடு ராஜமதி" என்கிறார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இவருக்குத் தெரிந்த ஒரே பதில் இதுதான்.

22-7-1982

மழை இல்லை.

5-8-1982

மாடுகளை ஓட்டிக்கொண்டு கரட்டடி மேய்க்காலுக்கு நானே போனேன். அரசாங்க நிலம், ஊர்க் கால்நடை மேய்வதற்கென்று என் மாமனார் காலத்துக்கும் முன்னால் விட்டது. இப்போது அங்கே மண்தான் இருக்கிறது. மாடு நாக்கைச் சுழற்றி மேலே மட்டும் அறுத்துத் தின்னும், அடி மறுபடியும் துளிர்க்கும். ஆடு அடியோடு கரண்டிவிடும். பசு இரண்டும் மண்ணை முகர்ந்துவிட்டு என் முகத்தைப் பார்த்தன.

பாலும் கம்மியாகிவிட்டது. திருவண்ணாமலையில் தேரடித் தெரு ஓட்டல்காரன் நேற்றுக் கேட்கிறான், "இன்னாம்மா, தண்ணி ஊத்தறீங்களா?" என்று. என்னைப் பார்த்து. குடிக்கிற தண்ணீரையே துணியில் வடிகட்டிக் குடிக்கிறவள் நான். பாலில் ஊற்றுவேனா?

19-8-1982

தண்டோரா போட்டார்கள். மேய்க்கால் விதிகளை அரசாங்கம் மாற்றப் போகிறதாம். பாதி இடத்தில் மரக்கன்று நடுவார்கள். மீதியில் மாடு, எருமைக்குச் சீட்டு கொடுப்பார்கள். ஆடு அடியோடு கூடாது. ஆதரவோ ஆட்சேபணையோ உள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம், அடுத்த மாதம் திருவண்ணாமலை தாலுக்கா ஆபீசில் நேரிலும் பேசலாம்.

பள்ளிக்கூடச் சுவரில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். சாயங்காலம் இவரை அழைத்துப் போய்க் காட்டலாம் என்று போனால் கால்வாசிதான் இருக்கிறது. வெள்ளைக் காது கீழே நின்று மைதாப் பசையோடு மென்றுகொண்டிருந்தது. தனக்கு எதிரான உத்தரவைத் தானே தின்கிறது. அவ்வளவு கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

2-9-1982

மனு எழுதினேன். ஆட்டைத் தடை செய்ய வேண்டும், மாட்டுக்குச் சீட்டு தர வேண்டும். அவ்வளவுதான். எட்டாவது வரை படித்தது இதற்காவது பயன்படட்டும்.

மாடு வைத்திருக்கும் வீடெல்லாம் ஏறி இறங்கினேன். முருகையன் நாலு ஜோடி மாடு வைத்திருக்கிறான், ஆட்டுக்காரர்களைக் கண்டால் ஆகாது. ஆனால் கையெழுத்து என்றதும் பின்வாங்குகிறான். "மொதல்ல நீங்க போடுங்க, நான் அடியில எங்கயாவது போட்றேன்" என்கிறான். மீசை மட்டும் இவ்வளவு பெரிது. முதல் கையெழுத்தை நானே போட்டேன்.

இவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "ஆடு வெச்சிருக்கறவங்க என்ன பண்ணுவாங்க?" என்றார். மாடு வாங்கட்டும் என்றேன். கடைசியில் போட்டார்.

24-9-1982

தாலுக்கா ஆபீசில் விசாரணை.

மாட்டுக்காரர்கள் ஒரு பக்கம், ஆட்டுக்காரர்கள் ஒரு பக்கம். அதிகாரி உட்காருவதற்குள் சத்தம் ஆரம்பித்துவிட்டது. அடி அண்ணாமலையிலிருந்து வந்த அப்பாசாமி என்கிற ஆட்டுக்காரர் மேஜையைக் குத்தினார். "மரம் நட்டா அதுல பால் கறப்பீங்களா?" என்று அதிகாரியையே கேட்டார். முருகையன் வேட்டியை மடித்துக் கட்டினான், அத்தோடு சரி. ஆண்பிள்ளைகள் இவ்வளவு பேர் இருந்து ஒருத்தருக்கும் கோர்வையாகப் பேச வரவில்லை. நான் எழுந்து பேசினேன். புல் போனதை, பால் போனதை, என் கொல்லை மொட்டையானதை, எல்லாம் சொன்னேன்.

வேதா குறுக்கே வந்தாள். "அம்மாவுக்குக் கொல்லை கீது, கழனி கீது. எனக்கு ஆடு மட்டும்தான் கீது. நான் எங்க ஓட்றது? நீங்களே சொல்லுங்க, எங்க ஓட்றது?"

"எங்கயாவது ஓட்டு. என் கண்ணுல படாம ஓட்டு" என்றேன்.

எங்கள் பக்கத்தில் கைதட்டினார்கள். அதிகாரி குமாஸ்தாவிடம், "அதெல்லாம் எழுதாதீங்க" என்றார்.

வெளியே வரும்போது வேதா என் காலுக்கு ஒரு முழம் தள்ளி வெற்றிலை எச்சிலைத் துப்பினாள். பஸ் வராமல் போய், வீட்டுக்கு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இருட்டினால் எங்களுக்குச் சாப்பாடு கிடையாது. பட்டினி. இருந்தாலும் மனசு நிறைந்திருக்கிறது. அந்தக் கைதட்டல் இன்னும் காதில் இருக்கிறது.

6-11-1982

உத்தரவு வந்துவிட்டது! டிசம்பர் முதல் தேதியிலிருந்து மேய்க்காலில் ஆடு நுழையக் கூடாது. நுழைந்தால் பிடித்துக் கால்நடைப் பவுண்டில் அடைப்பார்கள். நாங்கள் கேட்டதெல்லாம் கிடைத்தது.

பாயசம் வைத்தேன். இவர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை வைத்துவிட்டார்.

17-11-1982

முன்பின் பார்க்காத ஆட்கள் தெருவில் நடமாடுகிறார்கள். ஆட்டைப் பிடித்து நிறுத்தி முதுகெலும்பை அழுத்திப் பார்க்கிறார்கள். ஒரே நேரத்தில் எல்லாரும் விற்பதால் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்களாம். தீபத் திருவிழா கூட்டத்துக்கு முன்னால் அனுப்பிவிடுவார்களாம்.

எங்கே அனுப்புவார்கள்?

ஆடு எங்கே போகும் என்று நான் நினைத்தேன்? நிஜமாகவே, என்னதான் நினைத்தேன்? எங்கள் கன்றுக்குட்டியை விற்றால் கீழ்பென்னாத்தூரிலோ எங்கேயோ ஒரு தொழுவத்தில் வளரும். ஆட்டையும் யாரோ வளர்க்க வாங்குவார்கள் என்று— இல்லை, அப்படிக்கூட நினைக்கவில்லை. அந்தப் பக்கமே யோசனை போகவில்லை. கறிக்கடை இருக்கிற தெருவில் நடந்தவளா நான்? பிறந்த வீட்டிலும் சரி, இங்கேயும் சரி, அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போவோம்.

வேண்டாம். இது என் வேலை இல்லை. விற்கிறவள் அவள், வெட்டுகிறவன் எவனோ. நான் புல்லைப் பற்றித்தான் எழுதினேன்.

29-11-1982

சதுர்தசி. உபவாசம். ஜினாலயத்தில் பூஜை முடிந்து வெளியே வந்தால் வாசலுக்கு எதிரே லாரி நிற்கிறது. ஊரில் லாரி திரும்புவதற்கு அகலமான இடம் அது ஒன்றுதான். அங்கேயே வைத்து ஏற்றுகிறார்கள். ஒருத்தன் காதைப் பிடிக்கிறான், ஒருத்தன் பின்னங்காலைப் பிடிக்கிறான், மூட்டையை வீசுவது மாதிரி உள்ளே வீசுகிறார்கள். அது கத்துகிற கத்தல்— நான் பேசாமல் வீட்டுக்குள் போயிருக்க வேண்டும்.

வேதா பார்த்துவிட்டாள். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள். "வாங்க நைனாரம்மா. மொதக் கையெழுத்து ஒங்கள்து தானே? வந்து ஒங்க கையாலயே ஏத்தி வுடுங்க."

எங்கள் தெருக்காரர்கள் எல்லாம் வாசற்படியில் நிற்கிறார்கள். அவள் கையில் கடைசியாக வெள்ளைக் காது. வாயில் எதையோ மென்றுகொண்டிருக்கிறது.

"அத எனக்குக் குடு. கேக்கற விலை தரேன்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"ஒங்களுக்கு விக்கமாட்டேன்."

"ஏண்டி?"

"ஒண்ணக் காப்பாத்திட்டு, பெரிய புண்ணியம் பண்ணிட்டதா நெனச்சிக்கிட்டு நீங்க தூங்கணுமா? எல்லாத்தோடயும் அதுவும் போவட்டும்."

கயிற்றை வியாபாரி கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். பாவி. எப்படிப்பட்ட நெஞ்சு! அதையும் ஏற்றிவிட்டார்கள். நான் வியாபாரியிடம் போனேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்கு விலை தெரிந்துவிட்டது, ஏற்றிச் சொன்னான். கொடுத்தேன். ஏற்றிய ஆட்டை இறக்கினார்கள்.

இரக்கப்பட்டு வாங்கவில்லை. அவள் மாட்டேன் என்றதற்காகத்தான் வாங்கினேன்.

மற்றதெல்லாம் போய்விட்டது.

30-11-1982

மலையில் தீபம் இங்கிருந்தே தெரிந்தது. பார்க்கப் பிடிக்கவில்லை.

11-12-1982

சனியனை விலை கொடுத்து வாங்கி வீட்டில் கட்டியிருக்கிறேன். செம்பருத்தி போயிற்று. இவர் வேட்டியின் கரை போயிற்று. எதிர்வீட்டுப் பத்மினி பூஜைக்கு வளர்க்கும் நந்தியாவட்டை போயிற்று. "ஒன்ன யாரு கேட்டா, ஏன்தான் இந்த வேல?" என்று பத்மினி சண்டைக்கு வந்தாள். எந்த வேலையைச் சொல்கிறாள்? மனுவையா, ஆட்டையா? மனுவில் பத்மினியின் கையெழுத்தும் இருக்கிறது, அதை வசதியாக மறந்துவிட்டாள்.

மேய்க்காலில் புல் தலைகாட்டுகிறது. நான் சொன்னது சரிதான். அதைச் சொல்ல ஊரில் ஒருத்தருக்கும் நாக்கு எழவில்லை.

26-1-1983

வெள்ளைக் காது குட்டி போட்டது. இரண்டு. இரண்டும் கிடா.

கிடாக்குட்டியை நான் என்ன செய்வேன்? விற்றால் எங்கே போகும் என்று இப்போது தெரியும். ஆயுசுக்கும் வைத்துச் சோறு போட வேண்டியதுதான். இவர் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார். இவ்வளவு நாள் கழித்து இன்றைக்குத்தான் இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம். எரிச்சலாக இருந்தது.

18-3-1983

வைக்கோல் தீர்ந்துவிட்டது. இருக்கிற தீனி மாட்டுக்கே போதவில்லை.

31-3-1983

எழுதக் கூசுகிறது. ஆனால் எழுதித்தான் தீரவேண்டும்.

மத்தியானம், ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து, மூன்றையும் மேய்க்காலுக்கு ஓட்டிப் போனேன். கொஞ்ச நேரம்தான். கன்று நட்ட பக்கம் போகவிடாமல் நானே நின்றேன். பசி, மடமடவென்று மேய்ந்தன.

பின்னால் விசில் சத்தம். திரும்பினால் வேதா. காக்கிச் சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டியிருக்கிறாள், கையில் கோல். ஆட்டை விற்றவர்களில் சிலரை மரக்கன்றுக்குக் காவல் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இவளையா வைப்பார்கள்?

"ஆடு நொழையக் கூடாது, நைனாரம்மா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"வாயில்லாத ஜீவன்..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். அது அவள் சொன்ன வார்த்தை.

"சட்டம் நீங்க வாங்கினது. நான் அரசாங்கத்துச் சம்பளம் வாங்கறேன்." நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தாள். வெள்ளைக் காது என் கையிலிருந்து கயிற்றை இழுத்துக்கொண்டு அவளிடம் ஓடியது. குட்டிகள் அதன் பின்னால். இத்தனை மாதம் நான் போட்டதைத் தின்றுவிட்டு! அவள் முன்னால் நடக்க, மூன்றும் வால் ஆட்டிக்கொண்டு பவுண்டுக்குப் போயின.

1-4-1983

அபராதம் கட்டி மீட்டு வந்தேன். குறிப்பிட்ட நாளுக்குள் மீட்காவிட்டால் ஏலம் விடுவார்களாம். ஏலத்தில் எடுக்கிறவன் யார் என்று நான் கேட்கவில்லை. இனிமேல் அரசாங்க நிலத்தில் விடமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். இன்னொரு முறை பிடிபட்டால் மீட்க முடியாது, நேரே ஏலம்.

திரும்பும் வழியில் வேதா வீட்டு முன்னால் நின்றேன். இவளிடம் பேச வேண்டியிருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "நீயே வெச்சுக்க. காசு வேண்டாம்."

அவள் ஆட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எனக்கு மேய்க்க எடம் கீதா? வாங்கினா நாளைக்கே விப்பேன். பொய் சொல்லி வாங்கிக்க மாட்டேன். இட்டுனு போங்க."

"அப்ப நான் எங்கடி ஓட்டறது?"

கேட்ட பிறகுதான் என் காதில் விழுந்தது. அவளுக்கும் விழுந்திருக்கும். பதில் சொல்லலாம், அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

20-6-1983

நல்ல மழை.

16-7-1983

ஊரெல்லாம் மல்லாட்டை விதைப்பு முடிந்துவிட்டது. மேல்கொல்லையில் நாங்களும் போட்டோம். கீழ்க்கொல்லையில் போடவில்லை. சுற்றிலும் முள் வெட்டிப் போட்டு வேலி கட்டினோம். புல்லும் பூண்டும் முழங்கால் உயரம். வெள்ளைக் காதும் இரண்டு தடியன்களும் அதில் நின்று மேய்கின்றன. எங்கள் நிலத்திலேயே நல்ல மண் அதுதான். முருகையன் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனான். போகட்டும்.

பொழுது இறங்கும் நேரத்தில் வேதா காவல் முடிந்து வரப்பு வழியாக வந்தாள். நின்றாள்.

"இந்த வாட்டி மல்லாட்ட போடலையா, நைனாரம்மா?"

"ஒன் வேலயப் பாத்துக்கிட்டுப் போ."

போகவில்லை. இடுப்பில் அணைத்திருந்த கட்டு ஒன்றை எடுத்து வேலிக்கு மேலே உள்ளே வீசினாள். பச்சைத் தழை. வெள்ளைக் காது ஓடி வந்தது.

"ஒங்களுக்கு இல்ல. அதுக்கு" என்றாள்.

ஊரில் வேறு எங்கேயும் இவ்வளவு இளம் தழை கிடையாது. மேய்க்காலில் நட்ட அரசாங்க மரத்திலிருந்து ஒடித்தது. காவல்காரியே ஒடித்திருக்கிறாள். ஒரு மனு எழுதினால் போதும், வேலை போய்விடும்.

சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.